எழுத்து வரிசையா, சொல் அட்டையா, கோரஸா? பிள்ளைகளுக்கு வாசிப்பு எதில் வருகிறது?

‘அம்மா’ என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னால், "அ... இம்... மா" என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, "சரி, சேர்த்து என்ன சொல்?" என்று கேட்டதும் என் முகத்தையே பார்க்கிற ஒரு பிள்ளையாவது வருடந்தவறாமல் என் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. மூன்று எழுத்தும் தெரியும், அம்மாவையும் தெரியும், நடுவில் இருக்கிற அந்த ‘இம்’தான் வழியை மறிக்கிறது.

எழுத்திலிருந்து தொடங்குவதா, முழுச் சொல்லையே அட்டையில் காட்டிப் பழக்குவதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் மாறி மாறிக் கேட்கிறார்கள். இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒரு கட்சி உண்டு, அதை மறைக்காமலே சொல்கிறேன்.

காலங்காலமாக இருப்பது எழுத்து வரிசை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247ஐயும் ஒப்பிக்க வைத்துவிட்டு அப்புறம்தான் சொல்லுக்கு வருவது. இதில் பிள்ளை எழுத்தைவிட ராகத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. கரும்பலகையில் ‘தை’யை மட்டும் தனியாக எழுதிக் கேட்டுப் பாருங்கள், உதட்டுக்குள் "த, தா, தி, தீ" என்று முதலிலிருந்து ஓட்டி வந்துதான் பதில் சொல்லும். ஙி, ஙீ என்று எந்தச் சொல்லிலும் பார்க்கப்போகாத எழுத்துகளுக்கும் அதே நேரம் செலவாகிறது. மெய்யெழுத்தை ‘இக், இம்’ என்று பெயர் சொல்லிப் பழக்கியதால்தான் ‘அ-இம்-மா’வும் வருகிறது.

சொல் அட்டையில் நிலைமை வேறு. படத்தோடு ‘மரம்’, ‘வீடு’, ‘ஆறு’ என்று காட்டினால் ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து சொல்லைப் பளிச்சென்று சொல்வார்கள், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் பார்த்தவுடன் சொல்லும் அட்டை முறைக்கு அவ்வளவு மவுசு வந்தது ஆங்கிலத்தில். அங்கே எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்று எத்தனையோ சொற்கள், அப்படியே நினைவில் வைத்தால்தான் ஆகும். தமிழில் அந்தச் சிக்கல் குறைவு, இங்கே சிக்கலே வேறு. ‘மரம்’ அட்டையை மனப்பாடம் செய்த பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் அங்கே மரம் மரமாக இருப்பதில்லை: ‘மரத்தில்’, ‘மரங்கள்’, ‘மரத்திலிருந்து’. வீடு ‘வீட்டுக்கு’ ஆகிறது, ஆறு ‘ஆற்றில்’ ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் அட்டை செய்து மாளாது. அட்டையிலேயே பழகிய கண், முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டு மீதியை ஊகிக்கிறது. ‘பலகாரம்’ என்று இருப்பதைத் தயங்காமல் ‘பலகை’ என்று வாசித்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

அதனால் என் ஓட்டு எழுத்துக்கே, ஆனால் அந்த வரிசைக்கு இல்லை. ட, ப, ம, ர இந்த நான்கும் புள்ளியும் போதும், முதல் வாரத்திலேயே படம், மடம், மரம், பட்டம், மட்டம், ரம்பம் என்று ஆறு சொல் கைக்கு வந்துவிடும். மெய்யைத் தனியாகப் பெயர் சொல்ல விடுவதே இல்லை, முன்னெழுத்தோடு ஒட்டியே சொல்ல வேண்டும்: ‘பட், டம்’. ‘ரம்பம்’ வாசித்த பையன் ஒருவன், "மிஸ், இது எங்க அப்பா வச்சிருக்காரு" என்று எழுந்து நின்றான். யாரும் சொல்லிக்கொடுக்காத சொல் அது, அவனே ஒலி சேர்த்துக் கண்டுபிடித்தது.

ஒரு எச்சரிக்கை. கா, கி, கீ வரிசைகள் வேகமாகப் போய்விடும், உகரத்தில்தான் நிதானம் வேண்டும். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றுக்கும் கோடு ஒவ்வொரு பக்கம் திரும்புகிறது. கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றிலும் பின்னால் ஒலிக்கிற உயிரின் குறி எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. இங்கே அவசரப்பட்டு இரண்டே நாளில் முடித்த வருடங்களில், தை மாதம் மறுபடி முதலிலிருந்து வந்திருக்கிறேன். அட்டையை நான் தூக்கிப்போடவும் இல்லை. அது, இது, ஒரு, என்று, இல்லை, போல என வரிக்கு வரி வருகிற சொற்களை, எழுத்து தெரிந்த பிறகு, யோசிக்காமல் சொல்வதற்கு அட்டையைப் போல எதுவும் உதவுவதில்லை.

சரி, வாய்விட்டு வாசிப்பதற்கு வருவோம். கோரஸாக வாசித்தால் வகுப்பே வாசிப்பது போலக் கேட்கும், கூச்சப்படுகிற பிள்ளைக்கும் குரல் வரும். ஆனால் நடுவில் நடந்துபோய் விரல்களைப் பாருங்கள்: வாய் ஐந்தாம் வரியில், விரல் மூன்றாம் வரியில். அடுத்தது, ஒவ்வொருவராக எழுந்து வாசிப்பது. 30 பிள்ளைகள், 40 நிமிடம் என்றால் ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும், மீதி நேரமெல்லாம் தன் முறை எப்போது வருமோ என்ற பயம். திணறுகிற பிள்ளையை எல்லோர் முன்னும் நிறுத்தி வைப்பதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது.

இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தால் அதே 40 நிமிடத்தில் ஆளுக்கு 20 நிமிடம். 2022இல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இதற்கு நல்ல வசதி, மொட்டுக்குப் பக்கத்தில் மலரை உட்கார வைக்கிறேன். இடைவெளி ரொம்பப் பெரிதானால் ஒருவர் வாசிக்க மற்றவர் வேடிக்கைதான் பார்ப்பார். ஐந்தாறு வரி உள்ள ஒரே பகுதியை மூன்று நான்கு முறை வாசிக்க வைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். எஸ். ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் எழுதி வைத்த முறை இது. முதல் தடவை எழுத்து எழுத்தாக நகரும் பிள்ளை நான்காவது தடவை வாக்கியமாக, குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதைக் கேட்டால் அதன் அருமை புரியும். ‘மனப்பாடம் ஆகிவிடாதா?’ என்பார்கள். நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. 2021இல் தொடங்கிய, அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான மத்திய அரசுத் திட்டமான நிபுண் பாரத், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று இலக்கு வைக்கிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ தமிழில் ஒரே சொல், அதை ‘வா’ என்பதோடு சமமாக எண்ணினால் பிள்ளைக்கு அநியாயம். கடிகாரத்தை நான் பிள்ளையின் கண்ணில் காட்டுவதே இல்லை.

திருத்துவதிலும் வித்தியாசம் வேண்டும். ‘வந்துவிட்டான்’ என்று இருப்பதை ‘வந்துட்டான்’ என்று வாசித்தால் பொருள் புரிந்துவிட்டது என்று அர்த்தம், முடித்த பிறகு காட்டினால் போதும். ‘பலகாரம்’ ‘பலகை’ ஆகிப் பொருளே மாறினால்தான் அங்கேயே நிறுத்த வேண்டும்.

வீட்டில் செய்கிறவர்களுக்குத் தினம் பத்து நிமிடம் போதும், பிள்ளையின் விரல் சொல்லுக்குக் கீழே இருக்கட்டும். திக்கும்போது உடனே எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.