கிளாம்பாக்கம் பேருந்து முனையம்: கட்டடம் அருமை, போய்ச் சேர்வதுதான் பாடு

சென்னைக்குத் தெற்கே வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலை என்னும் தென்திசை நெடுஞ்சாலையை ஒட்டி 88.52 ஏக்கரில், ஏறக்குறைய 394 கோடி ரூபாயில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கட்டிய முனையம் இது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டன.

கட்டடத்தில் குறை அதிகம் இல்லை. உயர்ந்த கூரை, நல்ல வெளிச்சம், தங்கும் அறைகள், அடித்தளத்தில் வண்டி நிறுத்தம் எல்லாம் உண்டு. பொங்கல், தீபாவளிக் கூட்டத்தைக் கோயம்பேட்டைவிட இது நன்றாகவே தாங்கும்.

ஆனால் பேருந்து மாறும் இடத்தைக் கட்டடத்தை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட, நடப்பதும் காத்திருப்பதுமான ஒரு நிமிடம் பயணிக்குச் சுமார் இரண்டு மடங்கு கனக்கும் என்பது போக்குவரத்துத் திட்டமிடலில் பழகிய கணக்கு. இங்கே மாநகரப் பேருந்துகள் முன்புறம், வெளியூர்ப் பேருந்துகள் பின்புறம். இரண்டுக்கும் இடையே 400 மீட்டர் நடக்க வேண்டும் என்றால் வெறுங்கையோடு நடப்பவருக்கு ஐந்தாறு நிமிடம். இரண்டு பெட்டியும் ஒரு குழந்தையும் இருந்தால் பத்து நிமிடம்கூட ஆகும். முனையத்துக்குள் ஆட்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி உதவும். ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேருந்து வந்து இறக்கினால் அது எப்படிப் போதும்? நகரப் பேருந்து நடைமேடையை வெளியூர் நடைமேடைக்கு முதுகோடு முதுகாக வைத்திருந்தால் இந்த வண்டிக்கே அவசியம் வந்திருக்காது.

பெரிய பிழை, எதை முதலில் கட்டுவது என்ற வரிசையில்தான். முனையம் திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதை ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. நிலையமும் அதற்கான ஆகாய நடைபாலமும் முனையத்துக்குப் பிந்திய வேலைகளாகிவிட்டன. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவை நீட்டும் திட்டம் சுமார் 15.5 கி.மீ. கோயம்பேட்டிலும் இதே கதைதான்: பேருந்து நிலையம் 2002, மெட்ரோ 2015. ஒருமுறை பட்டும் அதே வரிசையில் போனது வருத்தம் தருகிறது. இதனால் அதிகம் அவதிப்படுவது, முதல் புறநகர் ரயிலுக்கு முன்பே ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள். அவர்களுக்கு இரவுப் பேருந்தை விட்டால் ஆட்டோதான்.

சின்ன விஷயங்களும் உண்டு. தாழ்தளப் பேருந்தின் தரை சுமார் 400 மி.மீ. உயரம். வண்டி நடைமேடையை உரசி நின்றால்தான் அந்தத் தாழ்வுக்குப் பலன். இரண்டடி தள்ளி நின்றால் முதியவர் தரையில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அறிவிப்புப் பலகைகள் பாதை பிரியும் இடத்தில் இருக்க வேண்டும், பிரிந்த பிறகு அல்ல. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக் கூடாது.

பயணச்சீட்டு விஷயத்தில் முன்னேற்றம் தெரிகிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு எடுக்கலாம்.

ரயிலில் வருகிறவர்களுக்குத் தாம்பரத்தில் இறங்குவது நல்லது. மேற்குப் பக்கம் வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை, தெற்கே போகும் நகரப் பேருந்துகள் அங்கே நிறைய. மாலை நெரிசலில் வெளியூர்ப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள். முன்பதிவுச் சீட்டில் ஏறுமிடம் கிளாம்பாக்கமா, கோயம்பேடா, மாதவரமா என்று வீட்டிலேயே பாருங்கள். பெங்களூரு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழிப் புதுச்சேரி வண்டிகளை நம்பி இங்கே வந்துவிடாதீர்கள்.