கான்டெசாவுக்குப் புது ஏசி கம்ப்ரஸர்: சில சென்னைக் கோடைகளுக்குப் பிறகு

பழைய காருக்கு ஏசி எதற்கு, கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று வராதா என்று கேட்பவர்கள், கத்திரி வெயிலில் கத்திப்பாராவிலிருந்து வேளச்சேரி வழியாகத் திருவான்மியூர் வரை ஒருமுறை என்னோடு வரலாம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. அவ்வளவு போகாத நாளிலும் கடலோர ஈரப்பதம் ஆளைப் பிழிந்துவிடும். கோடையில் வெளியே எடுக்க முடியாத வண்டியை வைத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய காரான என் கான்டெசா கிளாசிக்கில், ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை மாற்றினேன். சில கோடைகள் கடந்துவிட்டன. மாற்றியது சரியான முடிவு என்று இப்போது தயங்காமல் சொல்வேன். ஆனால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றியிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

வண்டி 1.8 இசுசு பெட்ரோல் எஞ்சின் கொண்டது. முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்தது பழைய இரண்டு பிஸ்டன் கம்ப்ரஸர். ஏசி போட்டாலே சிக்னலில் ஸ்டியரிங் அதிரும். அதன் முன்பக்கம், ஏசி போட்டால் மட்டும் கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச்சுக்குப் பின்னால், எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. அது கேஸ் கசியாமல் காக்கும் ஷாஃப்ட் சீல் போனதற்கான அடையாளம். வருடா வருடம் கேஸ் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்12 கேஸ் காலத்து அமைப்பு. 1987-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் அந்த கேஸ் நம் நாட்டில் 2010-ஓடு முடிந்த கதை. ஆக, கம்ப்ரஸர் மாற்றுவதும் அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாறுவதும் ஒரே வேலையாகச் செய்ய வேண்டியிருந்தது.

புதுப்பேட்டையில் கழற்றிய கம்ப்ரஸர்கள் மலிவாகக் கிடைக்கும். நானும் போய்ப் பார்த்தேன். பலவற்றில் குழாய் வாய்கள் மூடாமல் திறந்தே கிடந்தன. நம் ஊர்க் காற்றில் அப்படிக் கிடந்தால் ஈரம் உள்ளே போய்விடும். அதனால் புதிய சாண்டன் 5எச்14 வாங்கினேன். ஐந்து பிஸ்டன், சுற்றுக்கு 138 சிசி. மெக்கானிக்குகள் 508 என்று சொல்லும் பழைய மாடலின் ஆர்134ஏ வடிவம் இது. கையில் எடுத்தாலே பழையதைவிட எடை குறைவு என்று தெரியும்.

கம்ப்ரஸரை எஞ்சினோடு பிடிக்கும் பிராக்கெட்தான் நேரம் எடுத்தது. பழைய கம்ப்ரஸரின் துளைகளும் இதன் போல்ட் மாட்டும் காதுகளும் பொருந்தாது. லேத் பட்டறையில் கனமான பிளேட்டில் புதிதாகச் செய்தோம். கிராங்க் புல்லியும் கம்ப்ரஸர் புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று நீளமான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துப் பார்த்து வாஷர் சேர்த்தார் அந்த லேத்காரர். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பெல்ட் கத்தும், ஓரம் தேயும். இன்றுவரை என் பெல்ட் கத்தியதில்லை. அதற்கான பாராட்டு முழுவதும் அவருக்குத்தான்.

அப்புறம் ஆயில். ஆர்12 காலத்து மினரல் ஆயில் ஆர்134ஏ-வோடு கலக்காது. கலக்காவிட்டால் குழாய்களில் தங்கிவிடும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. புது கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலையும் குழாய்களையும் ஃபிளஷ் செய்து கழுவினோம். முதலில் வந்த எண்ணெய் மை மாதிரி கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர், காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, எல்லா ஓ-ரிங்குகளையும் மாற்றுவதில் யோசனையே வரவில்லை. பழைய ரப்பர் ஹோஸ் வழியாக ஆர்134ஏ மெல்லக் கசியும் என்பதால், உள்ளே நைலான் படலம் உள்ள ஹோஸ் போட்டோம். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, உள்ளே இருந்த காற்றும் ஈரமும் போக முக்கால் மணி நேரம் வேக்யூம் போட்டு, அதன் பிறகே கேஸ். கேஸை எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். மாற்றிய வண்டிக்குப் பழைய ஆர்12 அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும். டிரையர் கண்ணாடியில் குமிழி தெரிகிறது என்று மேலும் மேலும் ஏற்றுவது பழைய பழக்கம், ஆர்134ஏ-வில் அதை நம்ப முடியாது.

முதல் கோடையில் ஒரு குறை தெரிந்தது. ஓடும்போது குளிர்ச்சி அருமை, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பு. கேஜ் வைத்துப் பார்த்தால் நிற்கும்போது ஹை சைடு, அதாவது கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்து அழுத்தம், 300 பிஎஸ்ஐ-யைத் தாண்டியது. கேஸின் வெப்பத்தை வெளியே தள்ளுவது கண்டென்சர்; ஆர்134ஏ அதில் அதிகப் பரப்பைக் கேட்கும், என்னிடம் இருந்ததோ பழைய குழாய் வகை. அலுமினியத்தில், பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டென்சர் ஒன்றும், அதற்கு முன்னால் ரிலேயோடு மின்விசிறி ஒன்றும் போட்டதும் நிற்கும்போதும் 240 பக்கம் இறங்கியது. இப்போது மதிய வெயிலில் ஓடும்போது நடு வென்ட்டில் 9, 10 டிகிரி. நெரிசலில் நின்றால் 15 வரை ஏறும். நான்கு பேர் உட்கார்ந்து போக இது தாராளம். கம்ப்ரஸருக்குச் செலவழிக்க மனம் இருப்பவர்கள் கண்டென்சரில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடையில் ஒரு கோடையில் புதுத் தொல்லை. அரை மணி நேரம் ஓடியதும் ஏசி நின்றுவிடும், வண்டி ஆறினால் தானாக வரும். ஒரு கடையில் பார்த்த உடனே, “கம்ப்ரஸர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கமாகப் பார்க்கும் ஏசி மெக்கானிக்கிடம் போனேன். நின்ற சமயம் பார்த்து கிளட்ச் ஒயரில் மீட்டர் வைத்தார். 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது. “கரன்ட் வருது சார், பிளேட்தான் ஒட்டல” என்றவர், எஞ்சினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜை எடுத்தார். கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கிளட்ச்சின் காந்தக் காயில் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், காந்தம் பலவீனமாகும், அந்த இடைவெளியைத் தாண்டிப் பிளேட்டை இழுக்க முடியாது. நடு நட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டில் இருந்த ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினார். அரை மில்லிமீட்டருக்கு வந்தது. கேஸைத் தொடவே இல்லை. இந்த அளவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எத்தனையோ நல்ல கம்ப்ரஸர்கள் இந்த இடைவெளியால்தான் பழைய இரும்புக்குப் போகின்றன.

பராமரிப்பு பெரிதாக எதுவும் இல்லை. வண்டி எடுக்காத வாரத்திலும் பத்து நிமிடம் ஏசியோடு எஞ்சினை ஓடவிடுகிறேன். இல்லையென்றால் ஷாஃப்ட் சீல் காய்ந்து கசியத் தொடங்கும், மார்கழியிலும் இதை விடக்கூடாது. கடற்கரைப் பக்கம் குடியிருப்பதால் கண்டென்சரின் மெல்லிய தகடுகளில் உப்பு படியும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும், பிரஷர் வாஷ் அடித்தால் தகடு மடங்கிவிடும். ஏசி போட்டதும் ஐடில் வேகம் விழாமல் இருக்க, அதைச் சற்று ஏற்றும் ஐடில்-அப் சரியாக வேலை செய்ய வேண்டும். மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போல குறைகிறது, அது எனக்குப் பொருட்டில்லை.

இனி பாக்கி இருப்பது கூலிங் காயில். வண்டியோடு வந்த அதே பழைய காயில்தான் இன்னும் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் டிரெயின் டியூப் அடைத்து, முன் சீட்டுக் கார்ப்பெட்டில் தண்ணீர் நின்றது. டியூபைச் சுத்தம் செய்தாயிற்று, ஆனாலும் காயிலின் வயதை நினைத்தால் அடுத்த பங்குனிக்குள் டேஷ்போர்டைக் கழற்றிவிடுவது என்று முடிவு. கழற்றும்போது பின்னால் ஓடும் ஹீட்டர் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.