அவிநாசி உள்ளே போகாதுங்க

பவானி லட்சுமி நகரில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பொழுதோட, அவிநாசிக்குத் திரும்ப ஒண்ணே முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்ற கதை இது. கோயில், கூடுதுறை, தறி எல்லாம் நடுவில் வரும். ஆனால் ஊர் திரும்பியும் மனதை விட்டுப் போகாமல் இருப்பது அந்த ஒண்ணே முக்கால் மணி நேரம்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் காலையிலேயே கார் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். "எடுத்துட்டுப் போங்க மாமா, சும்மாதானுங்களே நிக்குது." வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் ஒரு கப்பல்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன். கப்பல் ஊர். போன கோடையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறி, ஒரு வாரம் நார்வே போய்வந்தோம். அதில் ஃப்ளாம் என்று ஒரு துறைமுகம். துறைமுகம் என்றதும் தூத்துக்குடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை இடுக்கில் கடல் நுழைந்து வந்து முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கிராமம், அவ்வளவுதான். கப்பலிலிருந்து இறங்குகிற சனம் ஊர்ச் சனத்தைவிடப் பல மடங்கு. சுற்றிப் பார்க்கக் கப்பல்காரர்களே வண்டி ஏற்பாடு செய்வார்கள், அதற்குத் தீட்டுகிற காசில் இங்கே ஒரு காதுகுத்தே நடத்திவிடலாம். நாங்கள் ஏற்பாடு கீற்பாடு ஒன்றும் வேண்டாமென்று எலுமிச்சை சோற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். ரயிலடி நடக்கிற தூரம். 20 கிலோமீட்டர் மலை ரயில், 867 மீட்டர் உயரத்தில் மிர்டால் என்கிற இடம் வரை ஏறுகிறது, நடுவில் ஓர் அருவியடியில் எல்லோரையும் இறக்கிவிட்டு நிற்கிறது. வண்டி சொன்ன நிமிஷத்துக்குக் கிளம்பியது, சொன்ன நிமிஷத்துக்குத் திரும்பியது.

இப்படிச் சொந்தமாய்ச் சுற்றுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. கப்பல் ஏற்பாட்டில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தானாகப் போனவன் தாமதமானால் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். நாங்கள் நாற்பது நிமிஷம் முன்னாலேயே வந்து மேல்தளத்தில் நின்று, மூச்சிரைக்க ஓடிவந்தவர்களை வேடிக்கை பார்த்தோம். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரி சொல்கிறாள். ஏறித்தான் இருந்தது. நார்வேயில் முடிந்தது பவானியில் முடியாதா?

காலையில் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் போகிற மாதிரி ஈரோடு போய் மாறினோம். ஈரோட்டில் ஏறிய டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும் கட்டணமில்லாச் சீட்டு, எனக்கு மட்டும் காசு. 2021இல் வந்த திட்டம், நான் ஊரில் இல்லாதபோதே பழசாகியும் விட்டது. "உங்க டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறை எடுங்க" என்று வீட்டுக்காரி சொன்ன தோரணை இருக்கிறதே, சவுத்தாம்ப்டனில் ஒருநாள்கூட அவளுக்கு அந்தச் சந்தோஷம் வாய்த்ததில்லை.

சங்கமேசுவரர் கோயிலில் அம்மா வழக்கம்போல என்னைச் சுவரில் இருக்கும் மூன்று துளைகளுக்குக் கூட்டிப்போனார். சின்ன வயசில் ஒவ்வொரு தடவையும் காட்டிய அதே துளைகள். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்கிற வெள்ளைக்காரர் அதன் வழியாகத்தான் வேதநாயகி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாராம். ஒரு நாள் ராத்திரி மழையில் ஒரு பெண்பிள்ளை வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போக, பின்னாலேயே பங்களா இடிந்து விழுந்ததாம். அம்மனே வந்தாள் என்று 1804இல் தந்தக் கட்டில் செய்து கொடுத்தார். "அந்த வெள்ளைக்காரன் ஊருக்குத்தானே கண்ணு நீ போயிருக்கே" என்றார் அம்மா. ஆமாம் என்றேன். அவர் இங்கே வந்தார், நான் அங்கே போனேன், கணக்கு நேராகிவிட்டது.

கூடுதுறையில் அம்மா தலை முழுகி எழுந்தார். அப்புறம் ஜமுக்காளம். பவானிக்கு வந்து ஜமுக்காளம் வாங்காமல் போனால் ஒரம்பரை வந்தால் எதை விரிப்பது? கடைக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளுகிற நாடாவை மற்றவர் வாங்கி, பேச்சே இல்லாமல் நெய்துகொண்டிருந்தார்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஒன்று எடுத்தோம். கடைக்காரர் பில்லில் என் ஊர் நம்பரை எழுதிக்கொண்டார். இந்த நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் நார்வேதான். ஐந்தரை மணிக்கு நான் போனை எடுத்து மேப் பார்த்தேன், அங்கேதான் வினை.

"ஈரோடு போயி மாறிக்கலாம் சாமி. அந்தக் கோயமுத்தூர் பஸ்ஸு அவிநாசிக்குள்ள போகாது" என்றார் அம்மா. நான் மேப்பைக் காட்டினேன். லட்சுமி நகரில் நின்றால் சேலத்திலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான். பெருந்துறை, அப்புறம் அவிநாசி, ஒரே ரோடு, ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எதற்கு ஈரோட்டுக்குச் சுற்றிக்கொண்டு?

உள்ளூர்க்காரர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள்.

முதல் பஸ் நின்றது. நான் படியில் கால் வைப்பதற்குள், "எங்கீங்கண்ணா?" என்றார் கண்டக்டர். அவிநாசி என்றேன். "அவிநாசி உள்ளே போகாதுங்க." விசில். சரி, ஒரு பஸ்தானே.

இரண்டாவது பஸ்ஸில் நான் முந்திக்கொண்டு, உள்ளே போகாவிட்டால் பரவாயில்லை, பைபாஸில் இறங்கிக்கொள்கிறோம் என்றேன். "இல்லீங்ண்ணா, அவிநாசி டிக்கெட்டே ஏத்தறதில்லீங்க. அடுத்ததுல பாருங்க." அடுத்ததிலும் பார்த்தேன். அது நிற்கவேயில்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நான்காவது பஸ்ஸில் இடமே காலியாக இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன், ஜன்னலோரமாக மூன்று சீட்டு. "பெருந்துறையில ஏறுவாங்க சார்" என்றார். இன்னும் ஏறாதவர்களுக்காக, ஏறத் தயாராக நிற்கிறவர்களை விட்டுவிட்டுப் போகிற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோயமுத்தூர் வரைக்கும் போகிற டிக்கெட்டை ஏற்றினால் முழு வசூல், அவிநாசி டிக்கெட் பாதியில் இறங்கிவிட்டால் அந்தச் சீட்டு காலியாகப் போகும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் விளக்கினார். விளங்கியது, ஆனாலும் விளங்கவில்லை.

வாய் திறந்தவர்கள் எல்லோருமே மரியாதை போட்டுத்தான் சொன்னார்கள். இவ்வளவு மரியாதையாக ஒருவனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போக எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களால்தான் முடியும். சவுத்தாம்ப்டனில் பஸ் டிரைவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார், ஆனால் நீ எங்கே இறங்குவாய் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தமாட்டார். ஃப்ளாமில் கப்பல் எனக்காகக் காத்திருக்காது, சரி. ஆனால் நேரத்தில் வந்து நின்றவனைப் பார்த்து, உன் ஊர் சின்ன ஊர், உன்னை ஏற்றமாட்டோம் என்று எந்தக் கப்பல்காரனும் சொல்ல மாட்டான்.

அம்மா ஜமுக்காளக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் போகிறபோதெல்லாம் புழுதி அடித்தது. "நாந்தான் சொன்னேனில்ல" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. வேறொன்று சொன்னார். "தண்ணியே வந்துருச்சு, நாம போக முடியலெ பாரு."

அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தைத்தான் சொன்னார். அப்பா காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு வழியாக 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்களே, அது. பேரில் அத்திக்கடவு இருந்தாலும் தண்ணீர் எடுப்பது இங்கே பவானியில், காளிங்கராயன் அணைக்குக் கீழே. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பக்கம்தான். காளிங்கராயன் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய அணை, பாம்பு போல வளைந்து நொய்யல் வரை போகிற வாய்க்கால். அந்தக் காலத்து ஆள் தண்ணீரைப் பள்ளம் பார்த்து ஓடவிட்டார். இந்தக் காலத்தில் ஆறு இடத்தில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்க் குட்டையிலும் தண்ணீர் நிற்கிறது, வந்த அன்றைக்கே போய்ப் பார்த்தேன், கொக்குகூட வந்திருந்தது. பவானித் தண்ணீர் மேடேறி அவிநாசிக்குள் போகிறது. அதே பவானியிலிருந்து மூன்று பேர், கையில் காசோடு, போக முடியவில்லை.

முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்த ஊர் அவிநாசி. முதலை வாயிலிருந்து பிள்ளையை வாங்கிவிட்டார். கண்டக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

ஐந்தாவது பஸ் ஏழேகாலுக்கு வந்தது. நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். லீவு முடிந்து கோயமுத்தூர் திரும்புகிற பிள்ளைகள், மடியில் பலகாரத் தூக்கு, காதில் ஒயர். கண்டக்டர் ஐம்பது வயசிருக்கும், நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்தார், அப்புறம் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"கோயமுத்தூர் டிக்கெட் எடுத்துக்கிட்டு பைபாஸ்ல எறங்கிக்குவீங்களா?"

இதை அநியாயம் என்று வாதாடத்தான் வாய் வந்தது. வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். ஏறினோம். போகாத ஊருக்கு மூன்று டிக்கெட். அந்த மனுஷன் காசை எண்ணி வாங்கித் தோல்பையில் போட்டுக்கொண்டு, தன் சீட்டில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டு, "ஆத்தா, இங்க உக்காருங்க" என்றார். பெருந்துறை, விஜயமங்கலம் எல்லாம் தாண்டி நாங்கள் இறங்குகிற வரை அவர் நின்றேதான் வந்தார். அநியாயம் என்று சொல்ல வந்த வார்த்தையை நான் எங்கே வைப்பது?

பைபாஸ் பிரிகிற இடத்தில் இருட்டில் இறக்கிவிட்டார்கள். ஒரு விளக்கு இல்லை, நிழற்குடை இல்லை. இறங்குகிறவர்கள் தினம் இருப்பார்கள்போல, புல்லில் ஒற்றையடித் தடம் விழுந்திருந்தது. போன் அடித்தேன். அக்கா மகன் கால் மணி நேரத்தில் காரோடு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்து இறங்கும்போது மட்டும், "நாளைக்கு எங்கயாச்சும் சொந்தமாப் போறீங்களா மாமா?" என்றான்.

அப்போதுதான் அம்மா கேட்டார், ஜமுக்காளம் எங்கே என்று.

மேலே பலகையில் வைத்தது. அது கோயமுத்தூர் போய்விட்டது. டிக்கெட் கோயமுத்தூருக்குத்தானே எடுத்தோம், அதற்காவது பலித்ததே என்றாள் வீட்டுக்காரி. நான் அதோடு தலைமுழுகிவிட்டேன். இங்கிலாந்தில் ஒரு தடவை ரயிலில் கம்பளிச் சால்வையை விட்டுவிட்டு, படிவம் நிரப்பி, மூன்று மின்னஞ்சல் எழுதி, ஒரு பதிவெண் வாங்கினேன். பதிவெண் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. சால்வைதான் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜமுக்காளக் கடையிலிருந்து போன். கண்டக்டர் ராத்திரியே ஜமுக்காளப் பையில் இருந்த கடை நம்பருக்குப் பேசி விவரம் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் பில் புத்தகத்தைப் பார்த்து என்னைப் பிடித்தார். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி வழியாக ஈரோடு போகிற வேறொரு பஸ்ஸில் கொடுத்துவிட்டாராம், அவிநாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

போனேன். டீக்கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால் டீயைக் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். கட்டைச் சுற்றிச் சணல் கயிறு. கயிற்றில் டிக்கெட் மிஷின் காகிதம் ஒரு முழம் நீளத்துக்கு மடித்துச் செருகியிருந்தது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில், அந்த இன்னொரு கண்டக்டருக்காக எழுதியது:

"அவிநாசி. பஸ் ஸ்டாண்டு உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கவும். பைபாஸ்ல போட வேண்டாம்."