ஸ்ட்ரக்ச்லாக், கிளிட்ச்டிப்: தேயிலை ஃபேக்டரி ஆப்ல சில வருஷம் ஓட்டிப் பார்த்ததுல

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு, சின்ன விவசாயிங்க கொண்டுவர்ற பச்சை இலைய எடை போட்டு பதியற ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஆப் ஒண்ண நான் பாத்துக்கறேன். அதுல என்ன நடந்துச்சுன்னு வரி வரியா லாக் எழுத ஸ்ட்ரக்ச்லாக், எர்ரர் பிடிக்க கிளிட்ச்டிப், சில வருஷமா ரெண்டும் ஓடுது.

எர்ரர் பிடிக்க நிறைய பேர் வைக்கற சென்ட்ரி ஏன் இல்லைன்னு கேப்பீங்க. நல்ல சாமான்தான், 2008ல ஜாங்கோவுக்குன்னே ஆரம்பிச்சது, ஆனா சொந்த சர்வர்ல போடணும்னா காஃப்கா, கிளிக்ஹவுஸ்னு ஒரு சாஃப்ட்வேர் பட்டாளமே கூட வரும், 16 ஜிபி ராம் வேணும்னு அவங்களே சொல்றாங்க, நம்ம ஆப் ஓடற மெஷினே அதுல கால்வாசி. கிளிட்ச்டிப் சின்ன சர்வர்லயே உக்காந்துக்கும், சென்ட்ரியோட எஸ்டிகேவ (ஆப்புக்குள்ள போடற லைப்ரரி) அப்படியே வச்சுக்கிட்டு டிஎஸ்என்ன (எர்ரர் போய்ச் சேர வேண்டிய முகவரி) மட்டும் மாத்தினா போதும். சென்ட்ரில இருக்கற எல்லா வசதியும் இதுல இருக்கும்னு மட்டும் நினைக்காதீங்க.

ஆனா ஒண்ணு, எர்ரர் ட்ராக்கருக்கு வெடிச்சது மட்டும்தான் தெரியும். வெடிக்காம தப்பா போறது தெரியாது, எங்களுக்கு காசு விஷயத்துல இடிச்சதெல்லாம் இந்த ரெண்டாவது ரகம்தான். மழை சீசன்ல ஒரு அக்கா போன் பண்ணாங்க, "தம்பி, நேத்து போட்ட இலை என் கணக்குல ரெண்டு தடவ ஏறியிருக்கு, இப்ப அதிகமா குடுத்துட்டு மாசக் கடைசில பிடிச்சுக்குவீங்கல்ல"ன்னு. கிளிட்ச்டிப்ப திறந்தா சுத்தமா இருக்கு, ரெண்டு ரெக்வெஸ்ட்டும் 200 ஓகே, அதாவது சரியா முடிஞ்சதுன்னு பதில். லாகுல அவங்க விவசாயி நம்பர வச்சு ஜேக்யூங்கற கமாண்ட்ல வடிகட்டினதும் வந்துருச்சு: அதே எடை, போன்ல பதிஞ்ச அதே நேரம், ரெக்வெஸ்ட் ஐடி மட்டும் வேற வேற. சர்வர் சேவ் பண்ணிருச்சு, பதில் திரும்பிப் போறதுக்குள்ள சிக்னல் போயிருச்சு, போன் மறுபடி அனுப்பிருச்சு. இப்ப ஒவ்வொரு எடைக்கும் போன்லயே ஒரு தனி கீ போட்டு அனுப்பறோம், அதே கீ திரும்ப வந்தா புதுசா ஏத்தாம பழைய பதிலையே குடுத்துட்டு லாகுல ஒரு வார்னிங் மட்டும் எழுதும். அந்த வார்னிங்க சென்டர் வாரியா எண்ணினா எந்த இலை சென்டர்ல சிக்னல் மோசம்னு தானா தெரிஞ்சுருது, இது நான் எதிர்பார்க்காத லாபம்.

இதுக்காகத்தான் ஒவ்வொரு லைன்லயும் ரெக்வெஸ்ட் ஐடி, சென்டர், விவசாயி நம்பர் தனித்தனி ஃபீல்டா இருக்கணும்ங்கறேன். மிடில்வேர்ல (ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் முதல்ல கடந்து போற கோடு) ஒரு தடவ பைண்ட் பண்ணிட்டா கீழ எங்க லாக் எழுதினாலும் கூடவே ஒட்டிக்கும், ரெக்வெஸ்ட் ஆரம்பத்துல பழசை கிளியர் பண்ணிடுங்க, இல்லேன்னா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் லைன்ல ஏறிடும். எடையையும் நம்பரையும் மெசேஜுக்குள்ளயே ஒட்டி எழுதாதீங்க, அப்படி எழுதினா ஒரே கோளாறு கிளிட்ச்டிப்ல நூறு இஷ்யூவா வந்து நிக்கும்.

தமிழ் பேரு இருக்கற ஆப்புக்கு ஒரு தொல்லை உண்டு, யாரும் சொல்ல மாட்டாங்க. லாக் லைன ஜேசன் வடிவத்துல எழுதறப்ப பைத்தானோட ஜேசன், தமிழ் எழுத்தையெல்லாம் பேக்ஸ்லாஷ் யூ போட்டு நம்பரா மாத்திரும், ஊர் பேர கிரெப் பண்ணித் தேடினா ஒண்ணும் கிடைக்காது. ஸ்ட்ரக்ச்லாகோட ஜேசன் ரெண்டரர்ல என்ஷூர் ஆஸ்கிய ஃபால்ஸ் பண்ணுங்க, தீர்ந்துச்சு.

லாகுல நேரத்த யூடிசிலதான் (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி) எழுதறோம், அதனால சாயங்காலம் 4:30க்கு வந்த இலை லாகுல 11:00னு நிக்கும், மேனேஜர் ஐயாவுக்கு இத புரிய வைக்கறதுக்குள்ள தொண்டத்தண்ணி வத்திருச்சு. அதுபோக போன் நேரம், சர்வர் நேரம் ரெண்டையும் வைக்கணும், ஏன்னா பள்ளத்துல இருக்கற சென்டர்ல போட்ட எடை, லாரி மேடு ஏறி டவர் கிடைச்சப்புறம்தான் மொத்தமா வந்து விழும்.

பேங்க் அக்கவுண்ட், போன் நம்பர் ரெண்டையும் லாகுக்குப் போறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரக்ச்லாக்ல ஒரு ப்ராசசர் ஃபங்ஷன் வச்சு மறைச்சுடுங்க.

லாகையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்துத் தேடற லோக்கி போடலாமான்னா, ஒரே சர்வருக்கு ஜேக்யூவும், பழைய லாக் ஃபைல ஒதுக்கற லாக்ரொட்டேட்டும் போதும். பின்னாடி போட்டாலும் விவசாயி நம்பர லேபிளா வச்சுடாதீங்க, ஆளுக்கொரு ஸ்ட்ரீம் ஆகி அதுவே படுத்துரும், சென்டர் பேரு போதும்.