ஹேண்ட்பிரேக்: அனுப்பும் பிரதிக்குச் சரி, காக்கும் பிரதிக்கு வேண்டாம்

அப்பா கேம்கார்டரில் எடுத்த ஏவிசிஎச்டி (கேம்கார்டர்களின் எச்டி வீடியோ வடிவம்) பதிவுகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, வீடியோவை மறுபடி சுருக்கித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. அந்த வேலைக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டிஸ்க்கில் காலத்துக்கும் வைக்கவேண்டிய பிரதியை மட்டும் இதன் வழியாக எடுக்காதீர்கள்.

திறந்ததும் வந்து நிற்பது 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட், அதாவது தயாராக உள்ள அமைப்பு. பழைய கேம்கார்டர் பதிவுகளுக்கு அதை அப்படியே ஓட்டக்கூடாது. அவை பெரும்பாலும் 1080i, அதாவது இன்டர்லேஸ்: ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளை மட்டும் கொண்ட அரைப்படங்களாகப் பதிவாகும். நொடிக்கு 50 அல்லது 60 அரைப்படங்கள். இந்த பிரீசெட் 30 ஃபிரேமுக்கு மேல் விடாது. ஓடுகிற பிள்ளையின் அசைவில் பாதி அங்கேயே போய்விடும். அரைப்படங்களை முழுப்படமாக்கும் டிஇன்டர்லேஸ் ஃபில்டரில், ஒவ்வொரு அரைப்படத்தையும் தனி ஃபிரேமாக்கும் 'பாப்' முறையைத் தேர்ந்து, 50i (நொடிக்கு 50 அரைப்படம்) பதிவென்றால் ஃபிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். முதல் தடவை இப்படி எடுத்துப் பார்த்தபோது, கேமராவை டிவியில் நேராகச் செருகிப் பார்க்கும் அதே வழுவழுப்பு வந்தது.

தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 1080க்கு 20 முதல் 24 வரை போதும் என்கிறது அவர்களுடைய கையேடு. எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரில் நான் 20 வைக்கிறேன். இருட்டில் எடுத்த புள்ளி புள்ளியான காட்சிக்குக் கோப்பு திடீரென்று பெருக்கும். அது குறை அல்ல, அந்தக் காட்சிக்கு அவ்வளவு பிட் வேண்டியிருக்கிறது. சராசரி பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை பிட் என்பதை) நாமே போட்டால் சுலபமான காட்சியில் வீணாகி, கடினமான காட்சியில் கட்டம் கட்டமாக உடையும். பிரிவ்யூவில் சிறு துண்டை மட்டும் எடுத்துப் பார்க்கும் வசதி அருமை. அதற்கு முகம் தெரியும் நிதானமான காட்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தண்ணீர், காற்றில் ஆடும் இலை, கூட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றில் சோதியுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு என்கோடர் வேகமானது, ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். அவசரம் இல்லையென்றால் எக்ஸ்264 'ஸ்லோ' போதும். ஒலியை ஏசி3 பாஸ்த்ரூ என்று விட்டால் அதைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இனி டிஸ்க். ஏவிசிஎச்டி ஏற்கெனவே எச்.264-இல் சுருக்கியதுதான். மறுபடி சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். ஆர்எஃப்பை 12-க்கு இறக்கினாலும் மூலத்தைவிடப் பெரிய கோப்புதான் மிஞ்சும், தரம் மூலத்துக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். காட்சி எடுத்த தேதியும் நேரமும் கேமரா வீடியோவுக்குள்ளேயே எழுதியிருக்கும். மறு என்கோடில் அதுவும் கரைந்துவிடும். அப்பாவின் குரல் எந்த நாளில் பதிவானது என்பதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கார்டில் இருக்கும் கோப்புறையை முழுதாகவே டேட்டா டிஸ்க்காக எழுதுகிறேன். வீடியோ இருக்கும் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் உருவி எடுத்தால், நீளமான பதிவின் துண்டுகளைக் கோத்துவைக்கும் பிளேலிஸ்ட் தொலைந்துவிடும். நொடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் 10.8 ஜிபி, 25 ஜிபி புளூரேயில் இரண்டு மணி நேரம் தாராளமாக அடங்கும். விளிம்புவரை நிரப்புவதில்லை. டிஸ்க் வாங்கும்போது எல்டிஎச் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது நாளாக நாளாகக் கெடக்கூடிய கரிமச் சாயப் பூச்சு. கரிமமற்ற பூச்சுள்ள எச்டிஎல் அல்லது நீண்ட காலம் தாங்குவதற்கென்றே செய்த எம்-டிஸ்க் நல்லது. எழுதி முடித்ததும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 குறியீட்டைச் சரிபார்த்து, இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வைக்கிறேன்.

ஹேண்ட்பிரேக் டிஸ்க் எழுதவும் செய்யாது, புளூரே பிளேயருக்கான அமைப்பையும் உருவாக்காது. பிளேயரில் ஓடவேண்டுமென்றால் டிஎஸ்மக்ஸர் என்ற மென்பொருள் இருக்கிறது: 1080i வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமலே புளூரே வடிவத்தில் கட்டித்தரும்.