ரங்கூனில் பெரியம்மாவின் சிவந்த கண்

பதினைந்து நாள் லீவில் சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் போனேன். காளியம்மன் கோயில், காலையில் மொகிங்கா மீன் சூப் நூடுல்ஸ், சாயங்காலம் அத்தோ நூடுல்ஸ் என்று நினைத்துப் போனால் பாதி நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது.

64 வயதுப் பெரியம்மாவுக்கு இரண்டு மாதமாக வலது கண் செக்கச்செவேல். பக்கத்து கிளினிக்கில் கண்வலி என்று சொட்டு மருந்து, கேட்கவில்லை என்றதும் வேறொரு சொட்டு மருந்து, அப்புறம் இன்னொன்று. பீளை இல்லை, அரிப்பு இல்லை, பிறகு என்ன கண்வலி? வலப்பக்கம் பார்த்தால் அனோரதா ரோட்டில் ஒரே பஸ் இரண்டாக வருகிறதாம், சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றதும், "காதுக்குள்ள யாரோ துருத்தி ஊதுற மாதிரி இருக்குடா" என்று விரலால் தாளம் போட்டுக் காட்டினார். கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடியும் அதே தாளம்.

மறுநாள் போன கண் டாக்டர் இளம் பெண். ஃபேனை நிறுத்தச் சொல்லி, மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வெள்ளைவிழியில் ரத்தக்குழாய்கள் திருகாணி மாதிரி சுருண்டிருந்ததை எனக்கும் காட்டினார். கரோட்டிட்-கேவர்னஸ் ஃபிஸ்துலாவாக இருக்கலாம் என்றார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிரைக் குழிக்குள் தமனி ரத்தம் கசிவது. கண்ணை அசைக்கும் 3, 4, 6-வது நரம்புகள் அந்த வழியாகத்தான் போகின்றன, முதல் இரண்டும் சுவரோரம், 6-வது நடுவில் தமனியை ஒட்டி. அந்த 6-வது நரம்பு பாதிக்கப்பட்டால் கண் வெளிப்பக்கம் திரும்பாது. அதுதான் இரண்டு பஸ். தலையில் அடிபடாமல் இந்த வயதில் வருவது பெரும்பாலும் மெல்லிய கசிவு, சில தானாகவே மூடிவிடும், ஆனால் கண்ணழுத்தத்தை விடாமல் பார்க்கவேண்டும் என்றார்.

இந்த சயாமாவுக்கு (பர்மாவில் பெண் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நூற்றுக்கு நூறு கொடுப்பேன். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனும் அன்றைக்கே எடுத்தோம். கார்டு வாங்கமாட்டார்கள், நோட்டுக்கட்டோடு போங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும்வரை ஒரு மணிநேரம் காத்திருந்ததைப் பெரிதாகச் சொல்லமாட்டேன், ஊரில் அது சகஜம்.

கடுப்பேற்றியது அதற்கப்புறம். தொடை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் கசிவு எங்கே என்று தீர்மானமாகக் காட்டும், தேவைப்பட்டால் அப்படியே சுருள் கம்பி வைத்து அடைப்பார்கள். நாங்கள் போன இடத்தில் மூன்று முறை "திங்கட்கிழமை வாங்க". அதைச் செய்கிற டாக்டர் ஊரிலேயே இல்லை என்பதை மூன்றாம் முறைதான் சொன்னார்கள்.

இப்போது ஃபிலிம் கவர் என் பெட்டியில். இங்கே சிங்கப்பூரில் காட்டத் தேதி வாங்கியாயிற்று. பெரியம்மா பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிறார், கருப்புக் கண்ணாடியோடு.