கென்சல் கிரீன்: ஒரு கல்லறைத் தோட்டம், இரண்டு சிற்றாலயங்கள்

லண்டனின் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம் 1833இல் திறக்கப்பட்டது. 1830களிலேயே கட்டடக்கலைஞர் ஜான் கிரிஃபித் அங்கே இரண்டு சிற்றாலயங்களைக் கட்டி முடித்தார். ஒன்று இங்கிலாந்தின் அதிகாரபூர்வச் சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையாருக்கு. மற்றொன்று மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற, அச்சபையில் சேராத கிறிஸ்தவர்களுக்கு. சாவிலும் வேலி!

இரண்டுமே கிரேக்கப் பாணிதான். வித்தியாசம் தூண்களில் தொடங்குகிறது. ஆங்கிலிக்கன் ஆலயத்தில் டோரிக் தூண்கள்: பருத்தவை, அலங்காரமற்றவை, சற்றே மிரட்டுபவை. மைய நடைபாதையின் கோடியில், உயர்ந்த மேடைமீது அது அதிகாரத்தோடு நிற்கிறது. அடியில் நிலவறைக் கல்லறைகள். வழிபாடு முடிந்ததும் சவப்பெட்டியைக் கீழே இறக்க, நீரழுத்தத்தில் இயங்கும் ஒரு மேடை. துக்கச் சடங்கில் பொறியியல் புகுந்த காலம் அது.

மற்ற ஆலயம் கிழக்குக் கோடியில் ஒதுங்கியிருக்கிறது. அளவில் சிறியது. ஆனால் சுருள்முடி கொண்ட மெலிந்த அயோனிக் தூண்களும், இருபுறமும் வளைந்து விரியும் தூண்வரிசையும் வருபவரை அணைத்துக்கொள்கின்றன. பொறியியல் வியப்புக்கு முதலாவதைப் பார்க்கலாம். கட்டடக்கலைக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. சிறுபான்மையினருக்குக் கிடைத்தது சின்ன மனை. அழகில் கிரிஃபித் கஞ்சத்தனம் காட்டவில்லை.